42ஆம் எண் சட்டை



அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் விளையாட்டுகளில் ஒன்று பேஸ்பால். நம் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் சாப்ட்பால் ஆட்டத்துக்கு அதை அண்ணன் என்று சொல்லலாம். அந்நாட்டின் பெரிய குழுக்களில் ஆடுவோர் அனைவரும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் நாள் ஒரே எண்ணுள்ள சட்டையை அணிகிறார்கள். அந்த எண் 42. அது ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரரின் எண்.

அவருடைய கதை ஒரு தோட்டத்தில் தொடங்குகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் கெய்ரோ என்ற சிற்றூருக்கு அருகே, 1919ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார் ராபின்சன். அவருடைய பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர். 1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் வெள்ளை முதலாளிகளிடமே இருந்தது. ராபின்சனின் தந்தை அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு வந்தார். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார்.

தாய் மேலி அம்மையார் மனம் தளரவில்லை. 1920இல் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ரயிலேறி, நாட்டின் மறுகோடியிலுள்ள கலிபோர்னியாவுக்குப் போனார். பாசடேனா நகரில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பிறகு வெள்ளையர் வாழும் தெருவில் ஒரு வீடும் வாங்கினார். அண்டை வீட்டார் அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். அம்மையார் அசையவில்லை.

மூத்த மகன்களில் ஒருவரான மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? தெருக் கூட்டும் வேலை! திறமை இருந்தும் கதவு திறக்கவில்லை என்பதைத் தம்பி நேரில் பார்த்தார்.

ராபின்சன் பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் சிறந்து விளங்கினார். ஆனால் பட்டம் பெறாமலே 1941இல் வெளியேறினார். பின்னர் இராணுவத்தில் அதிகாரியானார். 1944இல் டெக்சஸ் மாநிலத்தில், பேருந்தின் பின்பக்கம் போய் உட்காரும்படி ஓட்டுநர் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்து, குற்றமற்றவர் என்று விடுவித்தது. அநியாயத்தைக் கண்டு வாய்மூடி இருப்பது அவர் இயல்பு அல்ல.

அக்காலத்தில் பெரிய பேஸ்பால் குழுக்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர்கள் தனிக் குழுக்களில்தான் ஆடினார்கள். புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி இந்த வேலியை உடைக்க எண்ணி, 1945 ஆகஸ்டில் ராபின்சனை அழைத்துப் பேசினார். வசவு வரும், மிரட்டல் வரும், உடம்பைக் குறிபார்த்துப் பந்து வரும். இருந்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ராபின்சன் கைகலப்பில் இறங்கினால், அதையே சாக்காகக் கொண்டு மற்ற கறுப்பினத்தவருக்கும் கதவை மூடிவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ராபின்சன் வாக்குக் கொடுத்தார்.

1947 ஏப்ரல் 15ஆம் நாள் அவர் டாட்ஜர்ஸ் குழுவுக்காகக் களமிறங்கினார். சொன்னபடியே வசவும் வந்தது. கொலை மிரட்டல் கடிதங்களும் வந்தன. சொந்தக் குழுவிலேயே சிலர் அவருடன் ஆட மறுத்தார்கள். சில ஊர்களில் ஹோட்டல்கள் இடம் கொடுக்கவில்லை. அத்தனைக்கும் அவர் ஆட்டத்தாலேயே பதில் சொன்னார். எதிரணி சற்றே கண் அசந்தால் அடுத்த முனைக்குப் பாய்ந்து ஓடிவிடுவார். அந்த ஆண்டில் மட்டும் 29 முறை அப்படி ஓடி, சிறந்த புதிய ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார்.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய பொறுமைக்கு ஒரு நோக்கம் இருந்தது. ஒரு கால எல்லையும் இருந்தது. தம் இடம் உறுதியானதும், 1949 முதல் தவறு கண்ட இடத்தில் அவர் வாய்திறந்து பேசினார். அந்த ஆண்டுதான் தம் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவரைத் தேடி வந்தது! ஓய்வு பெற்ற பிறகும் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்டார்.

அவர் திறந்த கதவின் வழியே பலர் வந்தார்கள். 1959க்குள் எல்லாப் பெரிய குழுக்களிலும் கறுப்பினத்தவர் இடம்பெற்றுவிட்டனர். அதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. 1972 அக்டோபரில் தமக்கு எடுத்த பாராட்டு விழாவிலும், குழுவை நடத்தும் பொறுப்பில் ஒரு கறுப்பினத்தவரைக் காண விரும்புவதாகச் சொன்னார். ஒன்பது நாள் கழித்து, 53ஆம் வயதில் காலமானார். அவர் ஆசை 1975இல் நிறைவேறியது.

1973இல் அவர் துணைவியார் ரேச்சல் அம்மையார், கணவர் பெயரால் ஓர் அறநிலையம் தொடங்கினார். அது வசதி குறைந்த மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவுகிறது. பட்டம் பெறாத ஒருவரின் பெயரால் பிறர் பிள்ளைகள் பட்டம் பெறுகிறார்கள்.

பெற்றோர்களே, பிள்ளையிடம் ஒரு திறமையைக் கண்டால், நமக்கு எங்கே இடம் கிடைக்கப்போகிறது என்று சொல்லி அதை முளையிலேயே கிள்ளிவிடாதீர்கள். கூடவே படிப்பையும் கைவிட விடாதீர்கள். ரயிலேறிய அந்தத் தாயும் எந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்துகொண்டு புறப்படவில்லை.