தீவுக்கு வரும் கதிரியக்க ஔஷதங்கள்



2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற இந்தப் போர்ட் பிளேயரில், கதிரியக்க ஔஷதங்களைத் தயாரித்து வழங்கும் மருந்தகங்களை எவ்விதம் ஒழுங்கு செய்வது என்று ஆராயக் கூடியிருக்கிறோம். மருந்து புறப்படும் ஊரில் கூடிப் பேசுகிறவர்களுக்கு அது புறப்படும்போது இருந்த தரமே முக்கியமாகப் படுவது இயல்பு. மருந்து வந்து சேரும் கரையில் நின்று பேசுகிற நமக்கோ, வழியில் கழிந்த நேரமே முதல் விஷயமாகிறது.

பிற ஔஷதங்கள் அலமாரியில் மாதக்கணக்கில் காத்திருக்கும். புற்றுநோயைக் கண்டறிய உதவும் ஃபுளூரின்-18 சைக்ளோட்ரானை விட்டு வெளிவந்த 110 நிமிஷத்தில் பாதியாகிவிடுகிறது. சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரமே பறந்தாலும், இரு முனைகளிலும் ஆகும் தாமதத்தையும் கூட்டினால், நம் கைக்கு வருவது கால் பாகம்கூட இராது. தைராய்டு வியாதிக்குத் தரும் அயோடின்-131-க்கு அரை ஆயுள் எட்டு நாள். மூன்று நாள் கப்பல் பிரயாணத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தாலும் அது பயனுள்ளதாகவே வந்து சேரும். ஆகவே, எல்லாவற்றுக்கும் நோயாளியையே கடல் கடந்து அனுப்பத்தான் வேண்டும் என்பது சரியல்ல. காம்ப்பெல் பேயிலிருந்து ஒரு முதியவர் முதலில் இங்கு வந்து, பிறகு சென்னைக்குக் கப்பலேறும் சிரமத்தை அறிந்தவர்கள் இதை லேசாக எண்ணமாட்டார்கள்.

நமது சட்டங்கள் குறைந்தவையல்ல. 1962-ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டமும், 2004-ஆம் வருஷத்துக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும், 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் கதிர்வீச்சைச் சிரத்தையுடன் கண்காணித்து வந்திருக்கின்றன. ஔஷதத்தின் தரத்தை அணுசக்தித் துறையின் கதிரியக்க மருந்துக் குழு நெடுங்காலமாக ஆராய்ந்து வந்தது. 2014-ஆம் வருஷத்து இந்திய மருந்து நூலும் இவ்வகை ஔஷதங்களுக்குத் தர விவரங்களை வகுத்தளித்தது. ஆயினும் கதிர்வீச்சு ஒருவர் பொறுப்பாகவும், மருந்து வேறொருவர் பொறுப்பாகவும் பிரிந்து நிற்க, இரண்டும் ஒரே குப்பிக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டியவர் ஆஸ்பத்திரியில் கதிரியக்க ஔஷதம் தயாரிக்கும் அறையான ஹாட் லேபில் நிற்கும் மருந்தாளர்தாம்.

அவர் காலையில் செய்வதைச் சற்று அருகிலிருந்து பாருங்கள். ஈயக் கவசத்துக்குள் அலுமினாவில் பற்றியிருக்கும் மாலிப்டினத்தின் மேல் உப்புநீரைச் செலுத்தி, அதிலிருந்து பிறந்த டெக்னீசியத்தை மட்டும் வெற்றிடக் குப்பியில் இறக்குகிறார். மாலிப்டினமும் சிறிது கூடவே இறங்கிவிடக்கூடும். ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் அது இருத்தலாகாது என்பது எல்லை. டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம், மாலிப்டினத்தினுடையது 66 மணி நேரம். எனவே குப்பி காத்திருக்கக் காத்திருக்க டெக்னீசியம் விரைந்து குறைய, அசுத்தத்தின் விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. ஆறு மணி நேரத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். காலை எட்டு மணிக்குத் தேறிய மருந்து பிற்பகல் இரண்டு மணிக்குத் தேறாமற் போகலாம். அனுப்பியவர் தந்த சான்றிதழை மாத்திரம் நம்பி ஊசி போடுவது இந்த ஒரு கணக்கின் முன்னால் நிற்குமா?

என் அபிப்பிராயத்தில், உரிமம் அளிக்கும்போது கட்டடத்தின் சுவர்க் கனத்தைப் பார்ப்பது போலவே, ஊசி போடும் நேரத்தில் அளந்து பார்க்கப் பயிற்சி பெற்ற மனிதரும் கருவியும் அங்கு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் குப்பியை நிராகரிக்கும் அதிகாரம், மேலதிகாரியின் கையொப்பத்துக்குக் காத்திராமல், அந்த மருந்தாளருக்கே இருக்க வேண்டும். கப்பல் தாமதமானதற்காகத் தரத்தைத் தளர்த்தும்படி கேட்பவர்கள் உண்டு. தீவுவாசியின் உடல் தலைநகரவாசியின் உடலினும் மலிவானதல்ல என்பதால் அதற்கு நான் உடன்படேன். மாறாக, தாமதத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அயோடின் மாத்திரையை அதற்கேற்ற அளவில் அனுப்புவது அனுப்புவோரின் கடமை என்று விதியிலேயே எழுதலாம். அம்மருந்து பெற்றவரின் கழிவுநீரைத் தொட்டியில் தேக்கி, வீரியம் தணிந்த பின்னரே வெளியேற்றும் ஏற்பாடும் கடல் சூழ்ந்த இவ்வூரில் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும்.

இவ்விதிகளை இம்மாநாட்டின் வரைவுத் தீர்மானத்தில் சேர்க்கும்படி முன்மொழிந்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.