வந்த சொல்லும் நின்ற சொல்லும்

(கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச விழைகின்றேன். உருசியர் நாயைச் 'சபாக்கா' என்பர். எழுதுங்கால் 'சொபாக்கா' என எழுதுவர். உக்கிரேனியரும் பெலாருசியரும் வழங்குவதும் இச்சொல்லே. ஆனால், அவர்தம் உடன்பிறப்பு மொழிகளை நோக்குங்கள். செக்கிலும் சுலோவேனியத்திலும் நாய் 'பெசு', போலியத்தில் 'பியெசு'. இதுவே சுலாவிய இனத்தின் பழஞ்சொல். உருசியத்தில் அஃது இறந்துபடவில்லை. எனினும் ஆண்நாயைச் சுட்டவும் வசைபாடவும் ஒதுங்கி நிற்கின்றது. வீட்டுக்காரன் திண்ணைக்குப் போக, வந்தவன் கூடத்தில் அமர்ந்தான்!

வந்தவன் எந்நாட்டான்? கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, சைரசு மன்னனை வளர்த்த இடைச்சியின் பெயர் 'சுபாக்கோ' என்றும், மீடியர் நாயைச் 'சுபாக்கா' என்பர் என்றும் எழுதிவைத்தார். இதனைக் கொண்டு, உருசியச் சொல் ஈரானிய வழியது என்றனர் அறிஞர் பலர். வாசுமரின் சொற்பிறப்பு அகரமுதலி காட்டுவதும் அவ்வழியே.

நூற்சான்று உண்டு, நிலச்சான்று எங்கே? பண்டைச் சித்தியரிடம் பெற்றதாயின் சுலாவியர் அனைவரிடமும் அது பரவியிருத்தல் வேண்டுமே! சித்திய வழிவந்த கிளையின் எச்சமான ஒசேத்திய மொழியிலோ நாய் 'குய்த்சு'.

துருபாச்சோவ் என்னும் உருசிய அறிஞர், வீட்டு விலங்குப் பெயர்களை ஆய்ந்த தம் 1960ஆம் ஆண்டு நூலில், துருக்கியக் 'கோபெக்'கைக் காட்டினார். புல்வெளித் துருக்கியர் கிழக்குச் சுலாவியரின் அண்டையர். ஆகவே நிலம் பொருந்துகின்றது. ஆனால், ககரம் சகரமானது எங்ஙனம்? அங்கே ஒலிநெறி இடிக்கின்றது. வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. பழஞ்சொல்லாகிய 'பெசு'வுக்கும் வேர் ஒருதலையாகத் துணியப்படவில்லை.

தோழர்களே! நம்மிற் சிலர், அயற்சொல் ஒன்று காதில் விழுந்த அளவிலே, "இது தமிழே!" என முழங்குகின்றனர். ஒலியொப்புமை மட்டுமே சான்றாகாது. நூல், நிலம், ஒலிநெறி ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்றல் வேண்டும். ஒன்று குறையினும் அறிஞர் அவையில் நாம் நகைப்புக்கு ஆளாவோம். நம் மெய்யான வழக்கும் அதனோடு தோற்கும்.

மற்றொன்றும் உணர்மின். 'சபாக்கா' எந்த வழியே புகுந்தது என்பதை இன்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியவில்லை. புகும்போது எவரும் பார்த்திலர். அமர்ந்தபின் எவரும் எழுப்பிலர். நம் வாயிலில் நாம் விழித்திருப்போம்!

வாழ்க தமிழ்!