கராம்பும் நாட்பட்ட நோயும்



பல்வலியென்று எவரேனும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால், நம்மவர் வைத்தியரை நினைக்குமுன் அடுக்களைச் சரக்குப் பேணியையே நினைப்பர். அதிலிருந்து ஒரு கராம்பு வரும். நொந்த பல்லின்கீழ் வைத்துக் கடித்தால், சிறிது நேரத்தில் வலி தணியும். இந்த அநுபவத்தை மறுத்தற்கில்லை. எனினும், வலியைத் தணித்த கராம்பு அவ்வலியை விளைத்த நோயையும் நீக்கிற்றா என்னும் வினாவைக் கேட்பார் சிலரே. நான் வைத்தியன் அல்லேன். பல்லாண்டு காலம் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியன் என்ற முறையில் அவ்வினாவை இன்று எழுப்ப விரும்புகின்றேன்.

கராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். மலருமுன் பறித்து வெயிலில் உலர்த்திய மொட்டே நாம் காணும் கராம்பு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அதனை அம்போன் பகுதியில் மட்டும் வளர்க்கவிட்டு, ஏனைய தீவுகளில் மரங்களை வெட்டி வீழ்த்தினர். 1770ஆம் ஆண்டளவில் பியர் புவாவர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முயற்சியாற் கன்றுகள் மொரீசியசுக்குக் களவாகக் கொண்டுசெல்லப்பட, அந்தத் தனியுரிமை குலைந்தது. இன்று நமது கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களிலும் கராம்பு செழிக்கின்றது. ஆயினும் இத்தீவு கராம்பை அறிந்தது அதற்கு நெடுங்காலம் முன்பே. திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தைத் துறைமுகத்தில் அகழ்ந்தோர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழைமையான ஒரேயொரு கராம்பு மொட்டைக் கண்டெடுத்தனர். அந்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. கலை பயின்றவன் ஆதலின் வரலாற்றிற் சற்று நின்றுவிட்டேன், பொறுத்தருள்க.

கராம்பெண்ணெயின் பெரும்பகுதி யூஜினோல் என்னும் பொருளாகும். அது நரம்பை மரக்கச் செய்யும். ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டிலே பற்றீரியாக்களையும் கொல்லும். 2006இல் வெளியான குவைத்து ஆய்வொன்றில், வாயில் ஊசி குத்தும் நோவைக் குறைப்பதில் கராம்புக் களிம்பு பென்சோகேயின் என்னும் மருந்துக்கு ஈடாக நின்றது. பல்வைத்தியரும் யூஜினோலை நாகவொட்சைட்டுப் பொடியுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பற்குழியை அடைப்பர். ஆகவே ஆச்சிமாரின் கைமருந்தை மூடநம்பிக்கையென இகழ்வோர் விடயம் அறியாதவரே.

ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனித உடல் வேறு. நாட்பட்ட கிருமித்தொற்றிலே கிருமிகள் பசைபோன்றதொரு படலத்தைத் தம்மேற் போர்த்துக்கொண்டு, பல்லின் வேர்நுனியிலோ எலும்பினுள்ளோ ஒதுங்கி வாழும். இரத்தவோட்டம் குன்றிய சீழ்க்கட்டியினுள் வலிய மருந்துகளே எளிதிற் புகுவதில்லை. அங்கே சீழை வெளியேற்றியே ஆகவேண்டும். ஈற்றின்மேல் தடவிய எண்ணெய் அவ்விடத்தை எங்ஙனம் சென்றடையும்?

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் கடைவாய்ப் பல் சூத்தையாகியிருந்தது. தாயார் நாள்தோறும் பஞ்சிற் கராம்பெண்ணெய் தோய்த்து வைத்தார். சில வாரங்களில் வலி அறவே நின்றது, வீட்டார் மகிழ்ந்தனர். உண்மையில் நின்றது நோயன்று. பல்லினுள்ளிருந்த நரம்பு செத்துப்போயிற்று. இரண்டு மாதங்களின்பின் தாடை வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் திறக்கமாட்டாதவனாய் அவன் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டான். சீழை வடித்து, பல்லைக் களைந்து, ஒரு கிழமை மருந்தேற்றிய பின்னரே வீடு திரும்பினான். அத்தாயின் அன்பிற் குறை காண எனக்கு மனமில்லை. வலி என்பது தூதன். தூதனின் வாயைக் கட்டிவிட்டோமாயின் செய்தி நமக்கு எட்டாது போகும்.

காதில் ஓயாது சீழ் வடியும் பிள்ளைகளுக்கும் சிலர் இவ்வெண்ணெயை விடுகின்றனர். செவிப்பறை துளைபட்டிருந்தால் அது உட்காதைப் புண்ணாக்கக்கூடும். கவனியாது விட்ட காதுச்சீழ் மூளைவரை பரவியதும் உண்டு. நீரிழிவுடையோரின் ஆறாத காற்புண் இன்னும் கொடிது. உணர்ச்சி குன்றிய காலில் எரியும் எண்ணெயைத் தடவினால் தோல் வெந்தாலும் தெரியாது. காலம் தாழ்த்தினாற் காலையே இழக்க நேரும்.

மற்றொன்றையும் தாய்மார் கருத்திற் கொள்வாராக. கராம்பெண்ணெயை ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவு விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பும் ஈரற்பாதிப்பும் ஏற்பட்டமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. அச்சிறு போத்தலைப் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் வைத்தியரைக் கேளாது அதனை உட்கொள்ளலாகாது.

கறியிலும் தேநீரிலும் இடும் கராம்பைப்பற்றி எவரும் அஞ்சவேண்டியதில்லை. நள்ளிரவிற் பல் நொந்தால் ஒரு கராம்பைக் கடித்துக்கொண்டு விடியும்வரை பொறுத்திருங்கள். விடிந்ததும், வலி இருப்பினும் இல்லாவிடினும், பல்வைத்தியரிடம் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாது போனாலோ விடியும்வரையும் காத்திராது, அந்த இரவிலேயே புறப்படுங்கள்.