ஷார்த்ரு நகரில் அன்னையின் பேராலயம் கண்டோம்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லூர்து நகருக்குத் திருயாத்திரை சென்று திரும்பிய எங்களை, அதைப் பற்றி இன்று பேச வேண்டுமென்று பங்குத்தந்தை அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். லூர்து அன்னையைப் பற்றி இங்கே அறியாதவர் எவருமில்லை. நம் கோவில் வாசலிலேயே கெபி இருக்கிறது. ஆகவே லூர்துக்குப் போகும் முன் நாங்கள் எட்டுப் பேரும் இரண்டு நாள் தங்கிய ஷார்த்ரு என்னும் பழைய நகரைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டினோம். அந்நகரைத் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பேச்சின் முடிவில் சொல்கிறோம்.

பாரீசின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். போஸ் என்று அழைக்கப்படும் சமவெளி அது. இரு பக்கமும் கோதுமை வயல்கள், மேடில்லை, மலையில்லை. அந்த வெட்டவெளியில் திடீரென்று இரண்டு கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. நகரம் கண்ணில் படுவதற்கு முன்பே கோவில் தெரிகிறது. ரயிலில் எங்களோடு வந்தவர், புதுவையிலிருந்து பிரான்சில் குடியேறிய ஓர் அன்பர். அவர்தான் இரண்டு நாளும் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். "கோபுரத்தை நன்றாகப் பாருங்கள், ஏதாவது தோன்றுகிறதா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுபோல் இல்லை! தென்புறக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டில் எளிமையாக எழும்பியது. வடபுறத்துக்கு இன்றுள்ள கல் முடியை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ழான் த போஸ் என்ற சிற்பி வைத்தார். அது சித்திர வேலைப்பாடு நிறைந்தது, உயரத்திலும் சற்றுக் கூடியது. முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்தவர், பழையதைப் பார்த்து அப்படியே செய்யாமல் தம் காலத்து முறையில் செய்துவிட்டார். அன்று ஊரில் யாராவது முணுமுணுத்திருப்பார்களா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இந்நகரம் அன்னையின் திருத்தலமானது ஒரு துணியினால். மீட்பரைப் பெற்றெடுத்தபோது அன்னை அணிந்திருந்ததாக நம்பப்பட்ட ஆடையை, வழுக்கைத்தலைச் சார்லஸ் என்ற மன்னர் 876இல் இக்கோவிலுக்கு அளித்தார். அதைத் தேடி மக்கள் வந்தார்கள். 1194ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் இரவு நகரில் தீப்பிடித்தது. கோவிலின் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. ஆடையும் போயிற்று, அன்னை நம்மைக் கைவிட்டார் என்று ஊரார் கதறினர். மூன்றாம் நாள், நிலவறையில் அடைபட்டிருந்த குருக்கள் அந்தப் பேழையோடு வெளியே வந்தனர் என்று பழைய வரலாறு கூறுகிறது. அழுத மக்களே மறுபடியும் கட்டப் புறப்பட்டார்கள். சுமார் 1220க்குள், அதாவது ஒரு தலைமுறைக்குள், கோவிலின் பிரதான வேலை முடிந்துவிட்டது. 130 மீட்டர் நீளம், உள்ளே 36 மீட்டருக்கும் அதிகமான உயரம். கிரேனும் சிமெண்டும் இல்லாத காலம்! புனித லூயி மன்னர் முன்னிலையில் 1260 அக்டோபர் 24இல் அபிஷேகம் நடந்தது. பேழையை 1712இல் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது சட்டை அன்று, நீண்ட பட்டுத் துணி என்று கண்டனர். இன்றும் அதைக் கண்ணாடிக்குள் காணலாம். எங்களில் சிலர் முழங்காலிட்டனர். சிலர் பார்த்துவிட்டு நகர்ந்தனர். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

கோவிலின் தரை மேற்கு வாசலை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கிறது. அந்நாளில் திருயாத்திரிகர் உள்ளேயே படுத்துறங்குவர். காலையில் தண்ணீர் விட்டுக் கழுவ அந்தச் சரிவு என்கிறார்கள். திருநாள் காலத்து வேளாங்கண்ணியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, கண்ணாடிகள். உள்ளே நுழைந்தவுடன் ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு. சிறிது நேரம் நின்றால் கண் பழகுகிறது. பிறகு அந்த நீலம்! அதை எதற்கு ஒப்பிடுவது? மழைக்குப் பின் மாலையில் மேற்கே சற்று நேரம் தோன்றி மறையும் நிறம் என்று சொல்லலாம். அதுவும் முழுவதும் சரியல்ல. 170க்கும் மேற்பட்ட சன்னல்கள். பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகள். மேற்கு முகப்பின் மூன்று சன்னல்கள் இன்னும் பழையவை, 1194இன் தீயிலிருந்து தப்பியவை. 'அழகிய கண்ணாடியின் அன்னை' என்று பெயர் பெற்ற சன்னலில் அன்னையின் உருவமும் தீக்கு முந்தியதே. அதைப் பத்திரமாக எடுத்துப் புதுக் கோவிலில் பொருத்தி, சுற்றிலும் புதிய வானதூதர்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

சன்னல்களின் மேற்பகுதியில் வேதாகமக் கதைகளும் புனிதர் வரலாறுகளும் இருக்கின்றன. அடிப்பகுதியில், நம் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருப்பவர் யார் தெரியுமா? நல்ல சமாரியன் சன்னலின் அடியில் செருப்புத் தைப்பவர்கள். மதலேன் மரியாளின் சன்னல் அடியில் தண்ணீர் சுமப்பவர்கள். நோவா சன்னலில் தச்சரும் சக்கரம் செய்வோரும். மற்ற சன்னல்களில் ரொட்டி சுடுவோர், மாமிசம் விற்போர், காசு மாற்றுவோர். ஏறக்குறைய 40 சன்னல்களில் இப்படித் தொழிலாளர் தங்கள் கருவிகளோடு இருக்கிறார்கள். ஒருவர் பெயரும் அங்கே பொறிக்கப்படவில்லை. கோவிலை வகுத்த தலைமைச் சிற்பியின் பெயரே நமக்குத் தெரியாது. எங்களில் ஒருவர் மெல்லச் சொன்னார்: "நம் கோவில் டியூப் லைட்டில்கூட உபயம் இன்னார் என்று எழுதி, வெளிச்சமே மறைந்து போகிறதே!" சிரித்தோம். அப்படி எழுதியவர் இருவர் எங்கள் குழுவிலேயே இருந்தனர், அவர்களும் சிரித்தார்கள்.

ஆனால் கதை அவ்வளவு இனிமையாக முடிவதில்லை. தொழிலாளர் தாமே மனமுவந்து காசு சேர்த்து இச்சன்னல்களைக் கொடுத்தனர் என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். அக்காலத்தில் அவர்களுக்கு அவ்வளவு வசதியும் சங்க அமைப்பும் இருந்ததா என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுகின்றனர். வரியும் வாரமும் வாங்கிய கோவில் குருக்களே தங்கள் எண்ணப்படி அவர்களை அங்கே வரையச் செய்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். கோவிலுக்குப் பக்கத்தில் லோவான்ஸ் என்ற 13ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் இருக்கிறது. குருக்கள் வாங்கிய தானியம் சேர்த்த இடம். இன்று அது வண்ணக் கண்ணாடிக் கலையின் காட்சிக்கூடம். கோவில் எழும்பிக்கொண்டிருந்த 1210ஆம் ஆண்டிலேயே ஊரார் கலகம் செய்து தலைமைக் குருவின் வீட்டைத் தாக்கியிருக்கிறார்கள். ஊரே ஒருமனப்பட்டுக் கட்டியது என்று நினைத்துக்கொண்டு போன எங்களுக்கு இது ஏமாற்றமாகவும் இருந்தது, ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது. சண்டை போட்டுக்கொண்டேதான் கட்டியிருக்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் கீழ்நகருக்கு இறங்கினோம். ஏர் என்ற சிற்றாறு. கரையில் துணி துவைத்த பழைய துறைகள், தோல் பதனிட்டவர்களின் வீடுகள், முதுகு வளைந்த கல் பாலங்கள். மேலே மீன் விற்ற சதுக்கத்தில் மரச்சட்டம் இழைத்த ஒரு பழைய வீடு. அதன் தூணில் பெரிய சாமன் மீன் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். ஏறி இறங்கியதில் கால் வலித்ததைத் தவிர வேறு குறையில்லை.

நகரின் ஓரிடத்தில் உடைந்த வாளைப் பற்றிய கை ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. அது ழான் மூலான் என்பவருக்கு. 1940 ஜூனில் ஜெர்மானியப் படை வந்தபோது அவர் இம்மாவட்டத்தின் ஆட்சியாளர். பிரெஞ்சுப் படையிலிருந்த செனகல் நாட்டு வீரர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள் என்று பொய்ப் பத்திரத்தில் கையெழுத்திடச் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் குண்டுவீச்சில் இறந்தவர்கள். அவர் மறுத்தார். அடித்துத் துன்புறுத்தி அடைத்து வைத்தார்கள். மறுபடியும் அடித்தால் கையெழுத்திட்டுவிடுவோமோ என்று அஞ்சி அன்றிரவு உயிரைவிடத் துணிந்தார், பிழைத்துக்கொண்டார். பின்னர் எதிர்ப்பு இயக்கத்தின் தலைவராகி, பிடிபட்டு, சித்திரவதைக்குப் பின் 1943இல் இறந்தார். கறுப்பு இனத்தவர் சிலருடைய நற்பெயருக்காக ஓர் அதிகாரி இவ்வளவு பட்டிருக்கிறார். கோவிலைவிட அந்தக் கையின் முன்தான் எங்களில் சிலர் அதிக நேரம் நின்றோம்.

அப்போருக்குச் சற்று முன், 1939இல், கோவிலின் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிப் பெட்டிகளில் அடைத்தார்கள்; பின்னர் அவற்றைத் தெற்கே தோர்தோன் பகுதிக்கு அனுப்பி ஒளித்துவைத்தார்கள். 1944 ஆகஸ்ட் 16ஆம் நாள் அமெரிக்கப் படை நகரை நெருங்கிற்று. கோபுரத்தில் பகைவர் ஒளிந்து வேவு பார்ப்பதாக எண்ணிப் பீரங்கியால் தகர்க்க இருந்தார்கள். வெல்பார்ன் கிரிஃபித் என்ற கர்னல், நேரில் பார்த்து வருகிறேன் என்று போய், மணிக்கோபுரம் வரை ஏறிச் சோதித்து, யாருமில்லை என்று அறிவித்தார். கோவில் தப்பியது. அன்றைய தினமே பக்கத்திலுள்ள லேவ் என்ற ஊரில் அவர் சுடப்பட்டு மாண்டார்.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம். பீடத்தைச் சுற்றிய நடைவழியின் வடபுறத்தில் 'தூண்மேல் அன்னை' என்ற மரச் சுரூபம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டினது. தலைமுறை தலைமுறையாகக் கரிய அன்னை என்று மக்கள் வணங்கிய சுரூபம். எங்கள் குழுவில் மூத்தவரான பாட்டி, வீட்டுப் பூசைப் புத்தகத்தில் அதன் பழைய படம் ஒன்றை வைத்திருந்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆவலோடு முன்னால் போனார். அங்கே போய்ப் பார்த்தால் அன்னை வெண்ணிற முகத்தோடு, கன்னம் சிவக்க அமர்ந்திருக்கிறார்! பாட்டி படத்தையும் பார்த்தார், சுரூபத்தையும் பார்த்தார். "இது வேற மாதாவா, சாமி?" என்று உடன் வந்த குருவைக் கேட்டார்.

வேறு மாதா இல்லை. 2009 முதல் கோவிலின் உட்புறத்தைப் பழுது பார்த்து வருகிறார்கள். சுவர்களில் படிந்த கரியை நீக்கியபோது அடியில் 13ஆம் நூற்றாண்டின் வெளிறிய மஞ்சள் பூச்சும், வெள்ளைக் கோடுகளும் பெரும்பகுதி அப்படியே இருப்பதைக் கண்டனர். கோவில் கட்டியபோது அது இருட்டாக இல்லை, வெளிச்சமாகவே இருந்தது என்பது அவர்கள் கூற்று. சுரூபத்தின் கருமையும் புகையாலும் காலத்தாலும் வந்தது என்று சொல்லித் துலக்கி வர்ணம் மீட்டார்கள். உடனே கண்டனம் எழுந்தது. மார்ட்டின் ஃபில்லர் என்ற அமெரிக்கக் கட்டடக்கலை விமர்சகர் 2014இல் கடுமையாகவே எழுதினார். கோடிக்கணக்கான மெழுகுத்திரிகளின் புகையும் மக்களின் செபத்தில் ஒரு பகுதியல்லவா என்று கேட்போர் ஒரு பக்கம். அழுக்கைப் பக்தி என்று எண்ணலாமா என்போர் மறு பக்கம்.

அன்றிரவு விடுதியில் நாங்களும் இரண்டாகப் பிரிந்து பதினோரு மணி வரை வாதாடினோம். ஏனென்று உங்களுக்குத் தெரியும். நம் பீடத்திலுள்ள மாதா சுரூபமும் ஐம்பது ஆண்டுப் புகையில் கறுத்துப்போய், பொன்விழாவுக்குப் புது வர்ணம் அடிப்பதென்று பேச்சு நடக்கிறது. "எங்க அம்மா காலத்திலே பார்த்த முகம் வேணும்" என்றார் ஒருவர். "உங்க அம்மா காலத்திலே அது புதுசு, பளபளன்னுதான் இருந்தது" என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மை. எட்டுப் பேரும் இன்னும் ஒருமனப்படவில்லை, நான்குக்கு நான்கு.

ஆயினும் ஒரு விஷயத்தில் எட்டுப் பேரும் உடன்படுகிறோம். மறுநாள் வழிகாட்டிய பெண்மணியிடம், எதை நம்பித் துலக்கத் தொடங்கினார்கள் என்று பாட்டி கேட்கச் சொன்னார். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சிறு சதுரம் மட்டும் துடைத்து, அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்து எழுதிவைத்துக்கொள்வதே இவ்வேலையின் முறை என்று அவர் விளக்கினார். ஆகவே பொன்விழாக் குழுவினருக்கு எங்கள் விண்ணப்பம் இது: பெயிண்டர் டப்பாவைத் திறக்குமுன், நம் மாதாவின் முக்காட்டுக்குப் பின்புறம் ஒரு நாலணா அளவு துடைத்துப் பார்க்கட்டும். உள்ளே என்ன நிறம் என்று நாம் எல்லாரும் பார்ப்போம். குழுக் கூட்டம் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறது. நாங்கள் எட்டுப் பேரும் வருகிறோம். பாட்டி அந்தப் பழைய படத்தையும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.