பதினொரு மணிக்குப் பிந்திய பாடல்கள்

(நூற்றாண்டு விழா நிகழ்வில், 99ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக்குழுவினர் அழைத்தபோது, "டொக்டர்தானே, நீரிழிவைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் பேசுங்கோ" என்றார்கள். நீரிழிவைப் பற்றி கிளினிக்கில் ஒவ்வொரு நாளும் பேசுகிறோம். கேட்பவர் குறைவு. ஆகவே வகுப்புத் தோழிகளிடம் கேட்டோம். வவுனியா, கிளிநொச்சி, ரொறன்ரோ, மெல்பேண் என்று சிதறிக் கிடக்கும் வகுப்பு எங்களுடையது. மூன்று கிழமை வட்ஸ்அப்பில் சண்டை பிடித்து, கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட தலைப்பு பொப் பாட்டு. ஆகவே இன்று பேசுவது ஒருத்தி என்றாலும் சொல்வது எல்லோருடைய கதையும்தான். இந்தப் பாடசாலையில் நூறு வருடமாகத் தேவாரமும் கீர்த்தனையும் கரோல் கீதமும் கேட்டிருக்கின்றன. பொப்பிசைக்கு அரை மணித்தியாலம் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று நம்புகிறோம்.

எங்கள் தலைமுறைக்கு நேரடி இசை என்றால் கோயில் திருவிழா இசைக்குழுதான். எங்கள் அம்மாமார் யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்று பெயர் சொல்லிப் போய்க் கேட்டவர்கள். எங்கள் காலத்தில் போர். ஊரடங்கு இல்லாத வருடங்களில், ஜெனரேற்றர் கிடைத்தால் மேடை போடுவார்கள். அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு அம்மன் பாட்டு, பிறகு சீர்காழி, பிறகு ரி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா. பத்தரை மணிக்கு மேல் பின்னால் நிற்கும் பெடியள் விசில் அடிக்கத் தொடங்குவார்கள். அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டு ஒலிவாங்கியைப் பாடகரிடம் கொடுப்பார். சரியாக அந்த இடத்தில் எங்கள் அம்மாமார் பாயைச் சுருட்டி, எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுவார்கள். பெரிய பிள்ளையானவர்கள் பதினொரு மணிக்குப் பிறகு அங்கே இருக்கக் கூடாது.

லவுட்ஸ்பீக்கர் குருமன்காட்டில் கட்டினால் பண்டாரிகுளம் வரை கேட்கும். திருவிழாவின் இரண்டாம் பாதி முழுவதையும் நாங்கள் இருட்டில் பாயில் படுத்துக்கொண்டுதான் கேட்டோம். சுராங்கனியும் சின்ன மாமியும் எங்களுக்கு அப்படித்தான் அறிமுகம். பாடுபவரின் முகம் தெரியாது. ஆட்டம் தெரியாது. சனத்தின் கூச்சல் மட்டும் தெரியும். எந்த இடத்தில் கூச்சல் கூடுகிறது என்பதை வைத்து, மேடையில் என்ன நடக்கிறது என்று ஊகிப்போம்.

இந்தப் பாடல்கள் எங்கிருந்து வந்தன என்று தங்கச்சிமாருக்குச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களோடும் வந்த தாளங்களிலிருந்து பிறந்தது பைலா. ஆடுவது என்ற பொருளுள்ள போர்த்துக்கேயச் சொல் அது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலு, ஐந்து, ஆறு. இப்படி மும்மூன்றாய் ஓடும் தாளம். கதிரையில் இருக்கிறவரின் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். சிங்களத்தில் வொலி பஸ்ரியன் என்ற பொலிஸ்காரர் அதை ஊரெல்லாம் பாட வைத்தார். பிறகு அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கிற்றாரோடு தமிழுக்கு வந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் "சின்ன மாமியே", "கள்ளுக்கடைப் பக்கம் போகாதே" என்று பாடினார். ஏ. ஈ. மனோகரன் தமிழும் சிங்களமும் கலந்த "சுராங்கனி"யைக் கடல் கடத்தினார். தமிழ்நாட்டில் அவருக்குச் சிலோன் மனோகர் என்று பெயர். 1977இல் வந்த "அவர் எனக்கே சொந்தம்" படத்தில் இளையராஜா அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது எங்கள் வட்ஸ்அப் குழு விடியும்வரை தூங்கவில்லை.

அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த பாட்டுகளில் பெரும்பகுதி இந்தியச் சினிமாப் பாட்டு. அதில் காதலன் காதலியிடம் நிலவைப் பற்றிப் பேசுவான். எங்கள் பொப் பாட்டில் ஒரு பெடியன் நேரே மாமியிடம் போய் மகளை விசாரிக்கிறான். மாமியின் மகள் முறைப்பெண் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும், ஆகவே கேள்வியும் நியாயம், குறும்பும் நியாயம். வீட்டில் பேசும் பேச்சு அப்படியே மேடை ஏறியது என்பதுதான் அதன் பெரிய காரியம் என்று நாங்கள் நினைக்கிறோம். கள்ளுக்கடைப் பாட்டைப் பற்றி மருத்துவர் என்ற முறையில் ஒரு சொல். ஈரல் நோய் பற்றி நாங்கள் சுவரில் ஒட்டும் எந்தச் சுவரொட்டியும் அந்தப் பாட்டுக்குக் கிட்டவும் வராது.

எங்கள் வகுப்பில் அரைவாசிப் பேர் நகரத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் தாண்டிக்குளத்துக்கு அங்காலை இருந்து, 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்த பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தவர்கள். அங்கே மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் போட்டுக் கேட்டவர்கள் அவர்கள். சுற்றுகிற கை களைத்தால் பாடகரின் குரலும் கட்டையாகிவிடும். தம்பிமாரை முறைவைத்துச் சுற்ற விடுவார்களாம். வவுனியாவுக்கு வந்து முதன்முதலாக மின்சாரத்தில் அதே பாட்டைக் கேட்ட ஒருத்தி, "இவர் ஏன் இவ்வளவு அவசரமாய்ப் பாடுறார்?" என்று கேட்டாள். இன்றைக்கும் நினைத்துச் சிரிப்போம்.

சின்ன மாமியே பாட்டில் எங்களுக்கு ஒரு குறை இருந்தது. எல்லோரும் மாமியிடம் கேட்கிறார்கள், மகளிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே விடுதி மாணவிகள் மகளின் பதிலாக ஒரு பாட்டுக் கட்டினார்கள். மகள் நூலகத்தில் இருக்கிறாள், இரசாயனவியல் பாடம் செய்கிறாள், சோதனை முடியட்டும் பிறகு பார்ப்போம் என்று போகும். மேசையில் தாளம் போட்டுப் பாடுவோம். விடுதிப் பொறுப்பாளர் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் அதே தாளத்தில் தேவாரத்துக்கு மாறுவோம். முன்வரிசையில் இருக்கும் ரீச்சர்மாருக்கு இது இன்றுதான் தெரியவருகிறது என்று நினைக்கிறோம். இல்லை, அன்றே தெரிந்திருக்கும்.

நேரடி நிகழ்ச்சியில் அப்படி என்ன இருக்கிறது, கசெற்றில் கேட்டால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு எங்களிடம் உள்ள நல்ல உதாரணம் குயின் என்ற ஆங்கில றொக் குழு. 1985 ஜூலை 13இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி சேர்த்த லைவ் எயிட் நிகழ்ச்சியில், அவர்கள் இருபது நிமிடமளவில் பாடினார்கள். நாங்கள் அதைப் பல வருடம் கழித்து யூரியூப்பில்தான் பார்த்தோம். "றேடியோ கா கா" பாட்டில் எழுபதாயிரம் பேருக்கு மேல் ஒரே கணத்தில் கைகளை உயர்த்தித் தட்டுகிறார்கள். இடையில் பாடகர் பிரெடி மெர்குரி சொல்லே இல்லாத ஒரு சிறு இசைத்துண்டைப் பாடி நிறுத்துகிறார். மைதானம் திருப்பிப் பாடுகிறது. இன்னும் கடினமாக ஒன்று பாடுகிறார். அதையும் திருப்பிக் கொடுக்கிறது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் பிற்பாட்டுக்காரர் செய்வதை இங்கே சனம் முழுவதும் செய்கிறது. கசெற்றில் இருப்பது பாடகரின் பாதி மட்டும். மற்றப் பாதி கேட்பவர்களிடம் இருக்கிறது.

அந்தப் பிரெடி மெர்குரி சன்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தியாவில் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் விடுதிப் பாடசாலையில் படித்தவர். அவருடைய முதல் இசைக்குழு அந்தப் பாடசாலையில் மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. அதிபர் அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மருத்துவத்திலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறோம். மூளையின் இடப்பக்கத்தில் பாரிசவாதம் வந்தால் சிலருக்குப் பேச்சு போய்விடும். விளங்கும், சொல்ல வராது. ஆனால் அவர்களில் பலர் பாடுவார்கள், சொற்களோடு. 1973இல் பொஸ்ரனில் மருத்துவர்கள் இதை வைத்தே ஒரு பேச்சுப் பயிற்சியை உருவாக்கினார்கள். எங்களிடம் வந்த ஒரு ஐயாவுக்கு மனைவியின் பெயரே வாயில் வரவில்லை. மகள் கைத்தொலைபேசியில் சுராங்கனியைப் போட்டாள். ஐயா சிங்கள வரிகள் உட்பட முழுவதும் பாடினார். பக்கத்துக் கட்டில்காரர் தாளம் போட்டார். மனைவி ஒரு பக்கம் சிரித்து ஒரு பக்கம் அழுதார். பதின்ம வயதில் கேட்ட பாட்டு மனதில் மிக ஆழமாகத் தங்கும் என்பது பல ஆய்வுகளில் கண்ட விடயம். இன்று பதினான்கு வயதில் இங்கே இருக்கும் பிள்ளைகள் எழுபது வயதில் எதைப் பாடப் போகிறார்கள் என்பது இந்த வருடங்களில்தான் தீர்மானமாகிறது.

இனி, சொல்லக் கொஞ்சம் கடினமான பகுதி.

2009 பெப்ரவரி 8இல் அமெரிக்காவில் கிராமி விருது விழா. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து மீண்டும் லண்டனுக்குப் போன மாயா அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்தவர், நிறைமாத வயிற்றோடு மேடையில் ஏறி, புகழ்பெற்ற நாலு ஆண் பாடகர்களுக்கு நடுவில் துள்ளித் துள்ளிப் பாடினார். அன்றுதான் பிள்ளை பிறக்கும் என்று நாள் குறித்திருந்தார்கள். அந்தக் கிழமையே பிள்ளையும் பிறந்தது. அதே பெப்ரவரியின் முதல் வாரத்தில்தான் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஷெல் வீச்சுக்குள் இடம்பெயர்ந்து புதுமாத்தளனுக்குப் போனது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி எட்டு மாத வயிற்றோடு அதே பாதையில் நடந்தாள். அவள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். பெயர் சொல்ல வேண்டாம் என்றாள். சில வருடங்களுக்கு முன் அந்த வீடியோவை அவளுக்குக் காட்டினோம். கோபப்படுவாளோ என்று பயம். அவள் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "இந்த வயித்தோடை இவள் எப்பிடியடி துள்ளுறாள்? எனக்கு அப்ப மூச்சே விடேலாமல் கிடந்தது" என்றாள். பிறகு மூன்றாம் தரமும் போடச் சொன்னாள்.

இவ்வளவு நடந்த மண்ணில் பெண் பிள்ளைகள் மேடையேறித் துள்ளுவது தேவையா என்று எங்கள் குழுவிலேயே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. மே மாதத்தில் யாரும் பாடச் சொல்லவில்லை. ஆனால் 2009இல் செட்டிக்குளத்து முகாம்களில் வேலை செய்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். தண்ணீருக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் வெறும் கலனைத் தட்டி மும்மூன்றாய்த் தாளம் போட்டுச் சுராங்கனி பாடியதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பெரியவர்கள் சிலர் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த உரிமை, கூரையும் கதிரையும் உள்ள இந்த மண்டபத்துப் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும் என்கிறோம். பெடியளின் பாடசாலைகளில் கிற்றாரும் ட்ரம்ஸும் இருக்கும்போது எங்கள் சங்கீத அறையில் வீணை, ஹார்மோனியம், மிருதங்கத்தோடு ஏன் நிற்க வேண்டும்?

ஆகவே எங்கள் வகுப்பின் நூற்றாண்டு அன்பளிப்பு இரண்டு கிற்றார், ஒரு கீபோட், ஒரு ட்ரம்ஸ் தொகுதி. வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு ஒன்றரை மணித்தியாலம் பயிற்சிக்கு அதிபர் அனுமதி தந்திருக்கிறார். சங்கீத ரீச்சர் பொறுப்பேற்றிருக்கிறார். சோதனைக் காலத்தில் நிறுத்திவைப்போம் என்று பெற்றோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஒரு மாதப் பயிற்சிதான் முடிந்திருக்கிறது. பிழை விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதற்பாட்டு சின்ன மாமியே, அதைத் தொடர்ந்து மகளின் பதில். விடுதிக் கொப்பியில் இருந்த பழைய பாட்டில் பிள்ளைகள் இரண்டு அடி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். என்னவென்று எங்களுக்கும் சொல்லவில்லை. ட்ரம்ஸ் வாசிக்கப்போகிறவளுக்கு வயது பதினைந்து. புதுமாத்தளன் பாதையில் எங்கள் தோழியின் வயிற்றில் இருந்தவள்.

முன்வரிசையில் இருப்பவர்கள் கதிரைகளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிடுங்கோ. இடம் வேணும்.