சபை விதியை யார் எழுதுவது?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



புதிய அரசியலமைப்பு என்று பேச்சு வந்தாலே அதில் காணி இருக்குமா, வீடு இருக்குமா, மொழி உரிமை இருக்குமா என்றுதான் நாம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எழுதும் சபை எந்த விதிப்படி நடக்கும்? வரைவு யார் கையில்? படித்துப் பார்க்க எத்தனை நாள்? எத்தனை பேர் கை தூக்கினால் முடிவு? இங்கே கோட்டைவிட்டால் பிறகு எவ்வளவு கத்தினாலும் ஏறாது.

1970ஆம் ஆண்டைப் பாருங்கள். தேர்தலில் வென்ற ஐக்கிய முன்னணி, பாராளுமன்ற உறுப்பினர்களையே கொழும்பு நவரங்ககல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையாகக் கூட்டியது. ஜூலை 19 முதல் கூட்டம். அந்த உறுப்பினர்களைத் தெரிவு செய்ய நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இருக்கவில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு தொடங்கிய பறிப்பு அது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். சபை நடந்த முறையைக் கவனியுங்கள். முதலில் அடிப்படைத் தீர்மானங்கள் என்று ஒவ்வொன்றாக நிறைவேற்றினார்கள். ஒரு தீர்மானம் நிறைவேறினால் அத்திவாரம் போட்ட மாதிரி, பிறகு சுவரைப் பற்றித்தான் பேசலாம். ஒற்றையாட்சி என்பது அப்படி ஆரம்பத்திலேயே முடிந்த கதை. 1971இல் மொழித் தீர்மானம் வந்தபோது தமிழரசுக் கட்சி திருத்தங்கள் கொடுத்தது. அரசாங்கத் தரப்பிடம் மூன்றில் இரண்டுக்கு மேல் பலம். திருத்தங்கள் தோற்றன, அந்த ஜூனில் கட்சி சபையை விட்டு வெளியேறியது. 1972 மே 22இல் யாப்பு வந்தது. மக்களிடம் வாக்கெடுப்புக்கும் விடவில்லை. சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவும் அதோடு போயிற்று. (அந்தப் பிரிவு நமது வாக்குரிமையைக் காப்பாற்றவில்லை என்பது வேறு கதை.)

2016இல் விதி கொஞ்சம் திருந்தியிருந்தது. மார்ச் மாதத் தீர்மானப்படி 225 உறுப்பினர்களும் அரசியலமைப்புச் சபையானார்கள். யாப்பு நிறைவேறப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு, அதாவது 150 பேர் வேண்டும். அதன்பின் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். நல்லது. ஆனால் பேனா 21 பேர் கொண்ட வழிநடத்தல் குழுவின் கையில் இருந்தது. 2017 செப்டெம்பரில் அதன் இடைக்கால அறிக்கை வந்தது. இறுதி வாக்கெடுப்பு வரை காரியம் போகவே இல்லை.

மக்கள் கருத்தைக் கேட்க 20 பேர் கொண்ட குழுவொன்று மாவட்டம் மாவட்டமாக வந்ததை மறக்கக் கூடாது. நல்ல காரியம். ஆனால் வேலை நாளில் நகரத்துக்குப் போய்த்தான் சொல்ல வேண்டுமென்றால் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அன்றைய பேர் போகும், பஸ் காசும் போகும்.

நமது கமிட்டிக் கூட்டத்தையே எடுங்கள். பின்னேரம் நான்கு மணிக்குக் கூட்டம் என்றால் கொழுந்து நிறுத்து முடியாத பெண்கள் எப்படி வருவார்கள்? வந்த ஏழெட்டு ஆண்கள் எடுத்த முடிவு 'ஏகமனதாக' என்று புத்தகத்தில் ஏறுகிறது. பொய் இல்லை, விதிப்படி சரிதான்!

ஆகவே அடுத்த சபை எப்போது வந்தாலும் நமது மனுவின் முதல் பக்கத்தில் காணியை எழுத வேண்டாம், அது இரண்டாம் பக்கத்தில் வரட்டும். விசாரணை ஞாயிற்றுக்கிழமையில், தோட்டத்துக்குக் கிட்டிய ஊரில் நடக்க வேண்டும். நாம் தமிழில் சொன்னது தமிழிலேயே பதிவாக வேண்டும். கொடுத்த மனுவுக்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வேண்டும். தமிழ் வரைவு கையில் கிடைத்து மூன்று மாதமாவது ஆகாமல் வாக்கெடுப்பு கூடாது. உபகுழுக்களில் மலையகத்தார் இருக்க வேண்டும், அதிலும் பெண்கள் இருக்க வேண்டும். இறுதி நாளில் கை தூக்க மட்டும் நம்மவரைக் கூப்பிட்டால் போதாது.

அடுத்த மாத வகுப்புக்கு ஒவ்வொரு தோட்டமும் ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வாருங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகளை வைத்து எழுதி வாசித்துக் காட்டுகிறோம். கமிட்டிக் கூட்ட நேரத்தை மாற்றுவது பற்றி இன்றைக்கே, மாதர் அணி போவதற்கு முன் பேசி முடிப்போம்.