தீக்காயத்தின் முதல் 20 நிமிடங்கள்



மும்பையையும் நவி மும்பையையும் பிரிக்கும் தானே கடற்கழியின் கிழக்குக் கரையில் ஐரோலி அமைந்துள்ளது. 1970ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிட்கோ நிறுவனம் உருவாக்கிய நகர்ப் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அதன் அருகே தானே-பேலாப்பூர் சாலையை ஒட்டி இரசாயன ஆலைகளும் பிற தொழிற்கூடங்களும் நீண்டு கிடக்கின்றன. இந்த ஐரோலியில்தான், தீக்காயமுற்றோருக்கென்றே தேசிய தீக்காய மையம் என்னும் மருத்துவமனை இயங்கி வருகிறது.

இத்தகைய மருத்துவமனையின் வாயிலை ஒருவர் அடையும்போது, அவரது காயத்தின் விதியில் ஒரு பகுதி முன்னரே முடிவாகிவிடுகிறது. அதனை முடிவு செய்தவர் மருத்துவர் அல்லர். அடுப்படியிலோ ஆலையிலோ அருகில் நின்றவரே. அவர் என்ன செய்யவேண்டும் என்பதைத் தோலின் அமைப்பே கற்பிக்கிறது.

தோல் என்னும் உறுப்பு

தோலை வெறும் போர்வை எனக் கருதுவோர் பலர். உண்மையில் அதுவே உடலின் மிகப் பெரிய உறுப்பு. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை பரவும். வெளியே இருப்பது மெல்லிய மேல்தோல். அது கிருமிகளைத் தடுக்கிறது. உடலின் நீர் வெளியேறாமல் காக்கிறது. அதன் கீழ் உள்தோல். இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் ஆகியவை அங்கே உள்ளன. அதற்கும் அடியில் கொழுப்புப் படலம் அமைந்துள்ளது.

காயம் மேல்தோலோடு நின்றால் தோல் சிவந்து எரியும்; சில நாட்களில் ஆறும். உள்தோலின் மேற்பகுதியைத் தொட்டால் கொப்புளம் எழும், வலி கடுமையாகும். முழுத் தோலும் வெந்தால் அவ்விடம் வெளுத்தோ கருகியோ தோன்றும். நரம்பு முனைகளும் அழிந்துவிடுவதால் அங்கே வலி குறைவாகவே இருக்கும். வலி இல்லையே என்று மகிழ்வது இங்கே பெருந்தவறு.

நீர் ஏன் மருந்தாகிறது?

தீக்காயத்தின் நடுவில் இறந்த திசு இருக்கும். அதனை மீட்க முடியாது. ஓரத்தில் சிவந்த பகுதி இருக்கும். அது தானே குணமாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிதான் முக்கியமானது. அங்கே இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கும். திசு பிழைக்கவும் கூடும், மடியவும் கூடும். முதலுதவி காக்க முயல்வது இந்த இடைப்பகுதியையே.

தீ அணைந்த பின்னும் தோலுக்குள் வெப்பம் தங்கியிருக்கும். எனவே காயத்தின் மீது குளிர்ந்த குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். உடனே செய்வது சிறந்தது. 3 மணி நேரத்திற்குள் செய்தாலும் பயன் உண்டு. பனிக்கட்டி வைக்கலாகாது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, தளர்ந்த ஓட்டத்தை மேலும் தடுக்கும். பேனா மை, பற்பசை, மஞ்சள், இட்லி மாவு ஆகியவற்றைப் பூசும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் காணப்படுகிறது. அவை காயத்தின் ஆழத்தை மறைக்கும், கிருமிகளையும் சேர்க்கும்.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, நகரெங்கும் கொண்டு சென்று விற்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அங்கே அச்சம் தீயினால் மட்டுமன்று, நீராவியினாலும் ஏற்படும். 100 பாகை வெப்பமுள்ள நீராவி ஒரு கிராம் நீராக மாறும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை வெளியிடும். ஆகவே நீராவி பட்ட கைக்கும் அதே 20 நிமிட நீர் தேவை.

மோதிரம், வளையல் ஆகியவற்றை வீக்கம் தோன்றுமுன் கழற்றிவிட வேண்டும். உடலில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்த்தெடுக்கலாகாது. கொப்புளத்தை உடைக்கலாகாது. நீர் ஊற்றிய பின் தூய துணியால் தளர்வாக மூடினால் போதும். காயத்தைக் குளிர்விக்கையில் உடலின் மற்றப் பகுதிகளைப் போர்த்தி வைப்பதும் கடமை. குழந்தைகளின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும்.

இரத்தமும் மூச்சும்

பெருங்காயத்தில் கேடு தோலோடு நிற்பதில்லை. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் கசியத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் வடிகிறது. இரத்த அளவு குறைந்து நோயாளி அதிர்ச்சி நிலையை அடைகிறார். காயத்தின் பரப்பை அளக்க ஒன்பதின் விதி உதவுகிறது. வளர்ந்தோரின் தலைக்கும் கழுத்துக்கும் 9 விழுக்காடு, ஒவ்வொரு கைக்கும் 9, ஒவ்வொரு காலுக்கும் 18, உடலின் முன்புறத்துக்கு 18, பின்புறத்துக்கு 18, பிறப்புறுப்புக்கு 1. சிறு காயங்களுக்கு அவரவர் உள்ளங்கையே அளவுகோல். விரல்கள் உட்பட அது ஏறத்தாழ 1 விழுக்காடு. வளர்ந்தோருக்கு 15, குழந்தைகளுக்கு 10 விழுக்காட்டை மீறினால் பொதுவாக இரத்தக் குழாய் வழியே நீர்மம் செலுத்த நேரும். ஆதலால் உண்ணவோ பருகவோ எதுவும் தராமல் விரைந்து மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

குரல் கரகரத்தல், மூக்கிலும் வாயிலும் கரி படிதல், மூடிய அறையில் புகைக்குள் சிக்கியிருத்தல் ஆகியவை மூச்சுப்பாதை வெந்ததன் அறிகுறிகள். வீக்கம் சிறிது நேரத்தில் மூச்சையே அடைக்கக் கூடும். இங்கே தோலின் காயம் சிறிதாயினும் தாமதம் கூடாது.

ஆலைகளில் இருவகைக் காயங்கள் தனிக் கவனம் கோருவன. மின்சாரம் பட்டவரைத் தொடுமுன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வெளியே சிறு வடு தெரிந்தாலும், உள்ளே தசைகளும் இதயத் துடிப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். இரசாயனத் தூள் பட்டால் முதலில் அதைத் தட்டிவிட்டுப் பின் ஏராளமான நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். அமிலத்தைக் காரத்தால் முறிக்க முயன்றால் அவ்வினையே புதிய வெப்பத்தை உண்டாக்கும்.

இழந்த தோலுக்கு ஈடு

இவ்வளவுக்குப் பின்னும் முழுத்தோலை இழப்போர் உண்டு. அவர்களுக்குத் தற்காலிகக் காப்பாக அமைவது, இறந்தோர் வழங்கும் தோல். தாராவியை அடுத்துள்ள சயான் மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டில் தோல் வங்கி தொடங்கப்பெற்றது. ஐரோலி மையத்திலும் தோல் வங்கி உண்டு. இறந்த 6 மணி நேரத்திற்குள், தொடை, கால், முதுகு ஆகிய இடங்களிலிருந்து மெல்லிய படலமே எடுக்கப்படுகிறது. இரத்த வகைப் பொருத்தம் தேவையில்லை. கிளிசராலில் பதப்படுத்தி 4 பாகைக் குளிரில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அத்தோல் நிலையாக ஒட்டிக்கொள்வதில்லை. நோயாளியின் சொந்தத் தோல் கிடைக்கும்வரை கிருமியையும் நீரிழப்பையும் தடுத்து உயிரைத் தாங்குகிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டி வைக்கவும், பயிற்சி பெற்றவரிடம் அதனை ஒப்படைக்கவும் விதித்தது. பெட்டியினும் பயிற்சியே பெரிது என்பதை அவ்விதி உணர்த்துகிறது. மகாராட்டிரத்தில் 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அது வந்து சேரும் வரையுள்ள நிமிடங்கள் அருகில் இருப்பவருக்கு உரியவை. பள்ளி மாணவரும், ஆலை மேற்பார்வையாளரும், அரசு அலுவலரும் தோலின் அமைப்பையும் 20 நிமிட நீரின் பயனையும் அறிந்திருப்பின், ஐரோலியின் வாயிலை அடையும் காயங்களுள் பல, தோல் மாற்றம் தேவையின்றியே ஆறிவிடும்.